குப்பைமேட்டில் ஒரு பிறந்தநாள் பேனர்

கிட்ட வந்து உட்காருங்க, எங்க தெருச் சேதி இது. தெருமுனைக் குப்பைமேட்டை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருந்தவள் செங்கேணி. நாற்றம் தாங்காமல் துணி கொடுக்கவே யாரும் வரவில்லை. கவுன்சிலர் தணிகாசலத்திடம் போய் அழுதாள்.

"சாயங்காலத்துக்குள்ள நீயே அள்ளு. இல்லாட்டி உன் வண்டியைத் தூக்கிடுவேன்" என்றார் அவர்.

அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். அவர் ஆட்கள் கட்டி மிச்சம் வைத்த, அவர் படம் போட்ட பேனர் ஒன்றை எடுத்து, குப்பைக்கு நேர் மேலே கட்டிவிட்டாள் செங்கேணி.

கவுன்சிலர் ஓடி வந்தார். "ஏம்மா, அதை அவுத்து எறி!"

"ஐயோ அண்ணே, பொறந்தநாளும் அதுவுமா உங்க படத்தைக் கீழ இறக்குறதா? என் கையால மாட்டேன்!"

அவர் தன் ஆட்களைப் பார்த்தார்; தலைவர் படத்தை இறக்குவது ஆகாது என்று அவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். தன் படத்தைத் தானே இறக்க அவருக்கும் மனசில்லை; வேறு வழியில்லை. மத்தியானமே லாரி வந்து குப்பையை வழித்துக்கொண்டு போனது.

லாரி போனதும், செங்கேணி இன்னொரு பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்தெருவில் சாக்கடை வழிகிற இடத்துக்கு நடந்தாள்.