பதினோரு பண்டிதர்களுக்கும் ஒரே நாளில் காய்ச்சல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பெருமையாகிவிடும், அதனால் சொல்லமாட்டேன். மழை பொய்த்து, பஞ்சு விளையாமல், நாடு முழுக்கத் தறிகள் நின்றுபோன வருஷம் அது. நின்ற தறிக்கும் வரி கேட்டார்கள். கொடுக்காதவர்களின் தறிக்கூடத்தைப் பூட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. பக்கத்து நாட்டு ராஜா இலக்கண மாநாடு நடத்தினாராம். இவர் வரிச் சட்ட மாநாடு நடத்த வேண்டுமாம்.

“நின்ற தறியின் வரியை இரட்டிப்பாக்கலாமா என்று அறிஞர்கள் ஆராயட்டும், பிரபு” என்றார் மந்திரி ஆலாலசுந்தரர். “அவர்களை அழைத்து வரும் பொறுப்பைச் சாத்தப்பனுக்கே கொடுக்கலாம்.”

சாத்தப்பன் அரண்மனை விகடகவி. அந்த வரியே அநியாயம் என்று முந்தின வாரம் சபையில் சொன்னவன். அதில் மந்திரிக்கு வயிற்றெரிச்சல். அழைப்போலையில் தகுதியைத் தம் கையாலேயே எழுதினார்: ‘முப்பது ஆண்டுகள் வரியோடு பழகியவராகவும், விதிகளை ஏடு பாராமல் சொல்பவராகவும் இருத்தல் வேண்டும்.’ பௌர்ணமிக்குள் அப்படிப் பதினோரு பேர் வராவிட்டால் சாத்தப்பன் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார். ராஜா தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

நாட்டில் வரிச் சட்டப் பண்டிதர்கள் மொத்தமே பதினோரு பேர். அத்தனை பேரும் மந்திரிக்கு மாமன், மைத்துனன். சாத்தப்பன் போனபோது பதினோரு வீட்டிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். காய்ச்சலாம். கடைசி வீட்டில் கம்பளிக்குள்ளிருந்து முறுக்குக் கடிக்கும் சத்தம் கேட்டது. இவன் தொலைந்த பிறகு மாநாட்டை நிதானமாக நடத்திக்கொள்ளலாம் என்பது மந்திரியின் திட்டம்.

சாத்தப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழியில் நின்று ஓலையை மறுபடி படித்தான். பண்டிதர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நேரே நெசவாளர் தெருவுக்கு நடந்தான்.

பௌர்ணமியன்று சபை கூடியது. “பதினோரு பண்டிதர்களும் எழுந்து உட்கார முடியாத காய்ச்சலில் கிடக்கிறார்கள், பிரபு. சாத்தப்பன் தோற்றான்” என்றார் மந்திரி.

அப்போதுதான் சாத்தப்பன் உள்ளே வந்தான். பின்னால் பதினோரு நெசவாளர்கள். அவர்களில் முன்னால் நின்றவள் உண்ணாமுலை என்ற தறிக்காரி.

“இவர்களா அறிஞர்கள்?” என்றார் மந்திரி.

“தாங்கள் எழுதிய தகுதிதான். சோதித்துப் பாருங்கள்” என்றான் சாத்தப்பன்.

“நின்ற தறிக்கு விதி என்ன, சொல்.”

“ஓடுற தறிக்கு வருசம் நாலு பணம். நின்ன தறிக்கு ரெண்டு. நின்னுதான் போச்சான்னு பாக்க வர்ற அதிகாரிக்கு ஒண்ணு. அவரு வராட்டியும் அந்த ஒண்ணு உண்டு” என்றாள் உண்ணாமுலை.

“வராவிட்டால் கிடையாது” என்று மந்திரி ஏட்டைப் புரட்டினார்.

“போன ஆடியில மாத்துனீங்க. எங்க வீட்டு அண்டாவைத் தூக்கிட்டுப் போன நாளு. உங்களுக்கு மறந்துபோச்சு, எனக்கு எப்படி மறக்கும்?”

ஏட்டில் அவள் சொன்னபடியே இருந்தது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தகுதி உண்டு. அம்மா, அந்த வரியை இரட்டிப்பாக்கலாமா?”

“நின்ன தறிக்கு வரியே கூடாது. நூலில்லாம நிக்கிற தறிகிட்ட என்னத்தப் புடுங்குவீங்க?”

மற்றப் பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். மாநாட்டில் ஒருவர் சொன்னதைப் பொழுது சாய்வதற்குள் இன்னோர் அறிஞர் மறுக்காவிட்டால் அதுவே சட்டம் என்பது அந்த நாட்டு வழக்கம். மந்திரி பதறிப்போய், பண்டிதர்களுக்குப் பல்லக்கு அனுப்பச் சொன்னார்.

“தாராளமாக அனுப்புங்கள்” என்றான் சாத்தப்பன். “அவர்கள் வந்தால், எழுந்து உட்கார முடியாதவர்கள் என்று சற்றுமுன் அரசரிடம் தாங்கள் சொன்னது பொய். வராவிட்டால் இந்த அம்மாள் சொன்னது சட்டம். எது வசதி?”

மந்திரி உட்கார்ந்துவிட்டார். பொழுதும் சாய்ந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஊரே வயிறு காய்ந்து கிடக்கும்போது அப்படிச் சிரிக்க ராஜாக்களால்தான் முடியும். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனிடம் நீட்டினார்.

“மாலை தங்களிடமே இருக்கட்டும், பிரபு. தறிக்கூடச் சாவிகளைக் கொடுங்கள்.”

சாவிகள் வந்தன. உண்ணாமுலை தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டாள். அரசருக்கு நன்றி சொல்லும்படி காவலன் ஜாடை காட்டினான்.

“எதுக்கு? என் தறிதானே” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.