லச்சகெட்ட கீரை

ஒரு ஊர்ல ஒரு புது மருமக, பேரு பவளாயி. ம் கொட்டணும், சரியா? ம். அவ புகுந்த வீட்டுக்குக் கொண்டாந்த சீர் என்ன தெரியுமா? ஈரச் சாக்குல சுத்துன ஒரே ஒரு கீரைக் குச்சி! அவங்கம்மாகிட்ட இருந்தது அதுதான். "இத நட்டு வளத்துக் காட்டு. நம்ம வீட்டு மானமே இதுலதான் இருக்கு"ன்னு சொல்லி அனுப்புனா.

மாமியா செல்லாத்தா பாத்தா. "சீர் கேட்டா வெறகு குடுத்திருக்காங்க!" சொய்ங்னு குப்பைமேட்டுல வீசிட்டா. ஆனா நாலு தூத்தல் விழுந்துச்சு பாரு, பொளுக்குனு துளிர் விட்டுருச்சு!

அப்புறம் மாமியா அதப் புடுங்கி வேலில சொருகுனா. அங்கயும் துளிர்த்துச்சு. ம்? முழிச்சிருக்கியா? அப்புறம் மறுபடி புடுங்கி, ஆடு கட்டுற முளையா டொக்கு டொக்குனு அடிச்சா. ஆடு மேய மேய அதுவும் துளிர்க்குது! "சீ, லச்சகெட்ட கீரை! எத்தன தடவ தொரத்துனாலும் வருது"ன்னு வஞ்சா. லச்சைன்னா வெக்கம், கண்ணு.

அதுக்கப்புறம் அந்த வருசம் மழையே இல்ல. ஊர்ல கீரைப் பாத்தியெல்லாம் கருகிப்போச்சு. அந்நேரம் பாத்து செல்லாத்தா மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க, "பொண்ணு புடிச்சிருக்கு, கை நனைக்கறோம், இலை போடுங்க"ன்னுட்டாங்க! வீட்டுல பருப்பும் அரிசியும்தான் இருக்கு. செல்லாத்தாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

பவளாயி நேரா ஆட்டு முளைகிட்ட போனா. படக் படக்குனு கீரைய ஒடிச்சு, பருப்போட வேகவெச்சு, கடகடன்னு கடைஞ்சு ஊத்துனா. வந்தவங்க மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னாங்க.

"இது என்ன கீரைங்க?"

மாமியா மென்னு முழுங்குனா. "அது... சீர்க்கீரைங்க."

பவளாயி நெஞ்ச நிமித்தி, "இல்லீங்க, லச்சகெட்ட கீரை. எங்கத்தை வெச்ச பேரு. லச்சப்பட்டிருந்தா அது குப்பைமேட்டுலயே செத்திருக்கும்"னா. செல்லாத்தா குனிஞ்சு இலைல இன்னொரு கரண்டி ஊத்துனா.

அப்புறம் கல்யாணம் முடிஞ்சு மக வண்டி ஏறுனா. பாத்திரம் பண்டமெல்லாம் ஏத்தியாச்சு. கடைசில செல்லாத்தா ஓடி வந்து, ஈரச் சாக்குல சுத்துன ஒரு குச்சிய மக மடில வெச்சா.

"உங்கண்ணி கொண்டாந்த சீர்டி இது. உன்னை எங்க வீசுனாலும், இது மாதிரி முளைச்சுக் காட்டு."

குச்சி வண்டியேறிப் போயிருச்சு, கதையும் கூடவே போயிருச்சு. ம் சத்தத்தையே காணோம்... தூங்கு கண்ணு.