தாண்டிப் போன வீடு

“மணியடிக்கிற வேலையை எதுக்கு எங்கிட்டேயிருந்து எடுத்தீங்க, சிஸ்டர்?”

கேட்டேவிட்டார் வேதமாணிக்கம். மூன்று நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

சிஸ்டர் லீதியாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

வேதமாணிக்கம் முப்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, ஜெபம் பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கடற்கரைப் பக்கத்து இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அதை நடத்தும் சிஸ்டருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வந்தவரிடம் ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வேலை கொடுத்தார். தினமும் காலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஊருக்குள் போய்ப் பிடியரிசி வாங்கி வர வேண்டும்.

ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் எடுத்து வைப்பார்கள். அதுதான் பிடியரிசி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து குடிக்கிற கஞ்சி அதில்தான்.

பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்ட மனுஷனுக்குப் பையும் கையுமாக வாசல் வாசலாக நிற்பது என்னவோ போலத்தான் இருந்தது. மணி அப்படியில்லை. அதில் அவர் மனசு ஒட்டிக்கொண்டது. நிதானமாகப் பன்னிரண்டு அடி. ஒரு அடியின் ஓசை அடங்கின பிறகே அடுத்த அடி. வாழ்நாளில் உருப்படியாகச் செய்த காரியம் இதுதானோ என்றுகூட நினைத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை காலையில் சிஸ்டர் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?”

அவ்வளவுதான் பேச்சு. அன்றுமுதல் சிஸ்டரே தடதடவென்று அடித்துவிட்டுப் போனார். ஒரு மணி ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே என்று வேதமாணிக்கம் பாயில் கிடந்தபடி பல்லைக் கடித்தார்.

இன்று சனிக்கிழமை. சரியான பதில் வராவிட்டால் மகன் வீட்டுக்குப் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“சிரமம் வேண்டாம்னுதான் சொன்னேனே சார்.”

“சிரமமா இருக்குன்னு நான் சொன்னேனா?”

“சொல்லல.”

சிஸ்டர் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். இந்த மூன்று நாளும் எப்படி இருந்தது என்று கேட்டார்.

வேதமாணிக்கம் முறத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஆண்டவருக்குன்னு நான் செய்றது அது ஒண்ணுதான். அதுவும் வேண்டாம்னுட்டா, அப்புறம் நான் யாருக்கு வேணும்?”

சிஸ்டர் முறத்தைக் கீழே வைத்தார்.

“மூணு வாரமா அன்னபாக்கியம் வீட்டு அரிசி வரலையே. ஏன் சார்?”

இதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. அன்னபாக்கியம் ஒண்டிக்கட்டை. உப்பளத்தில் கூலி வேலை. மழை பிடித்து உப்பளம் மூடியதிலிருந்து வருமானம் கிடையாது. போன மாதம் அவள் கொண்டுவந்து நீட்டிய கலயத்தின் அடியில் கிடந்த அரிசியைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வாசலில் காத்து நின்றாள். இவர் பார்க்காத மாதிரித் தாண்டிப் போனார். தன் இரக்க குணத்தை நினைத்து அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

“இல்லாத வீடு, சிஸ்டர். பாவம், அவளுக்கு எதுக்குச் சிரமம்னுதான்…”

பாதியில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை சிஸ்டர் தன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

சிஸ்டர் எழுந்துபோய்ப் பையை எடுத்து வந்து நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வேதமாணிக்கத்துக்கு.

வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அன்னபாக்கியம் அவரைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. அவர் கையிலிருந்த பையைத்தான் பார்த்தாள்.

“வாங்கிட்டுப் போகவா சார் வந்தீங்க?”

“ஆமாம்மா.”

உள்ளே ஓடினாள். கதவு வழியாக அடுப்பு தெரிந்தது. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி என்று பேர்தான், பருக்கையை எண்ணிவிடலாம். அதற்குப் பக்கத்திலேயே இருந்தது கலயம். வேப்பிலை போட்டு, துணியால் வாய் கட்டி, கழுத்துவரை அரிசி.

நீயே வச்சுப் பொங்கிக்கோம்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேதமாணிக்கம் அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

அவள் கலயத்தைக் கொண்டுவந்து துணியை அவிழ்த்தாள்.

“என்னமோ தப்புப் பண்ணிட்டேன், அதான் ஆண்டவர் என் கையால வேண்டாம்னுட்டார்னு நெனச்சேன் சார். என்ன தப்புன்னுதான் தெரியல.”

அவர் மெதுவாக, ஏன் ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிக்கும் வரவில்லை என்று கேட்டார்.

“என் அரிசி சேராத கஞ்சிய நான் எப்படி சார் குடிக்க?”

வேதமாணிக்கத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று ஞாயிறு தான் வயிறாரக் குடித்ததும், நல்லா இருக்கு என்று இன்னொரு தடவை வாங்கிக் குடித்ததும் நினைவுக்கு வந்தது.

“தப்பு என்னுதும்மா. என்னை மன்னிச்சிரு.”

அவள் அதைக் காதில் வாங்கினாளோ இல்லையோ. அரிசியைப் பையில் சரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். ஒரு அரிசிகூடக் கீழே சிந்தவில்லை. கலயத்தின் அடியைத் தட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“சார், நீங்க மணியடிக்கிறத விட்டுட்டீங்களா?”

“ஏம்மா?”

“மூணு நாளா யாரோ தடதடன்னு அடிக்காங்க. நீங்க அடிச்சா நிதானமா இருக்கும். மொத அடி கேட்டதும் எந்திரிச்சு உலை வைப்பேன், கடைசி அடிக்குள்ள ஒரு பிடி எடுத்து வச்சிருவேன். நீங்க வாசலோட போயிட்டாலும், காலையில உங்க மணி கூப்பிடுதேன்னு எடுத்து வச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

வேதமாணிக்கம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நாளைக்கு அடிப்பீங்கல்லா சார்?”

“சிஸ்டர்கிட்டே கேட்டுப் பாக்கணும்மா.”