மடைக்கு ஒரு மோதிரம்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வழுதி என்றொரு ராசா ஆண்டார். அப்போது நாடென்றால் ஒரே ஏரி, சுற்றி நாலு ஊர். ஏரி நிரம்பினால் ராசாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மடையைத் திறப்பார். "என் மோதிர முத்திரை இல்லாமல் எவனும் மடையில் கை வைக்கக்கூடாது" என்பது அன்றைக்குப் போட்ட சட்டம். ஜனங்களுக்கும் அதில் பெருமைதான்.

நாடு பெருத்தது. மலையடிவாரம் வரைக்கும் ஏரிகள். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது! முத்திரைக்காக அரண்மனை வாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையை நடத்திய அரண்மனை அதிகாரி மருதப்பருக்கு ஏக மவுசு. "சட்டத்தை மாத்துங்க மகாராசா" என்று மந்திரி அம்பலவாணர் சொல்லும்போதெல்லாம், "மந்திரியாருக்கு உங்க மோதிரத்து மேலேயே கண்ணு" என்று மருதப்பர் ராசாவிடம் போட்டுக்கொடுப்பார்.

ஐப்பசி மழையில் கடைக்கோடி ஏரி உடைந்து ஓர் ஊரே போய்விட்டது. மடைக்காவலன் செவந்தான் முத்திரைக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். அவன் பெண்டாட்டியும் வெள்ளத்தோடு போனாள், பாவம். அவனை அரண்மனைக்கு இழுத்து வந்தார்கள்.

"மடையைத் திறக்காமல் ஊரை அழித்த இவனைப் பொழுது சாய்வதற்குள் தூக்கில் போடுங்கள்!" என்று ராசா கொதித்தார்.

அம்பலவாணர் மருதப்பரை ஒரு பார்வை பார்த்தார். எதிர்த்துப் பேசினால் மருதப்பர் தூபம் போடுவார். "உத்தரவு" என்று மட்டும் சொல்லி வெளியே போனார்.

சற்றைக்கெல்லாம் தச்சர் வந்தார். "தூக்குமரத்துக்கு எந்த மரம் சாமி? எல்லாத்துக்கும் உங்க முத்திரை வாங்கச் சொன்னார் மந்திரியார்." ராசா வைத்தார். கயிற்றுக்காரன் வந்தான். "எத்தனை முழம்?" வைத்தார். "எங்கே குழி தோண்ட?" என்று இன்னொருவன் வந்து நின்றான்.

"அட கூறுகெட்டவனே! இதுக்கெல்லாம் என்னைக் கேட்கணுமா? வேலை செய்யிறவன் நீ. உன் கண் முன்னால் இருக்கிறது உனக்குத் தெரியாதா?"

அம்பலவாணர் உள்ளே வந்து கைகட்டி நின்றார். "இந்த வார்த்தையைச் செவந்தான்கிட்ட முன்னமே சொல்லியிருந்தா அந்த ஊர் பிழைச்சிருக்கும், மகாராசா."

"ராசாவையே குத்தம் சொல்றதா?" என்று மருதப்பர் துள்ளினார்.

ராசா அவரைப் பார்த்தார். "செவந்தான் அனுப்பின ஆள் எங்கே?"

மருதப்பர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார்.

"வாசல் வரிசையிலே," என்றார் மந்திரி. "ஊர் போன பிறகும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தான்."

ராசா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். இறங்கி வந்து செவந்தானைக் கேட்டார்: "மடையைத் திறக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"மடையிலே கை வச்சேன் சாமி. உங்க சட்டம் ஞாபகம் வந்தது. எடுத்துட்டேன்."

ராசா மோதிரத்தைக் கழற்றினார். இனி ஏரியைக் காக்கிறவனே மடையைத் திறக்கலாம் என்று பறை அறைவித்தார். மருதப்பரை உடைந்த கரைக்கு மண் சுமக்க அனுப்பினார். அங்கே மேஸ்திரி செவந்தான்தான்.

மறு ஐப்பசியிலும் மழை கொட்டியது. ராசா வெறும் விரலைத் தடவிக்கொண்டு, மடைக்கு உத்தரவு சொல்ல ஆள் அனுப்பாமல், அரண்மனையிலேயே உட்கார்ந்திருந்தார். கடைக்கோடி ஏரியில் செவந்தான் யாரையும் கேட்காமல் மடையைத் திறந்தான். திறந்துவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து, பெண்டாட்டி பெயரைச் சொல்லி அழுதான்.