மயிலியின் முன்னங்கால்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் விலங்கியல் கற்பித்த தெய்வநாயகி அம்மையார். அவருடைய கணவர் கால்நடை மருத்துவர். கதையில் ஊசியோடு வருபவர் அவரே என்பதை அம்மையார் கடைசிவரை சொல்லவில்லை, கேட்ட நாங்கள்தாம் உணர்ந்துகொண்டோம்.

தாராபுரத்துக்கு வடக்கே வஞ்சியம்மாள் என்பவர், குதிரைகளின் உடலை நீவித் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் தொழிலைக் கற்பித்துவந்தார். மூன்றாண்டுப் பயிற்சி. முடிவில், தகுதி கண்டால் மட்டும், தம் கைப்பட ஒரு சான்று எழுதித் தருவார். அச்சான்று இல்லாதவரை அவ்வட்டாரத்து லாயக்காரர்கள் வேலைக்கு வைப்பதில்லை. பதினாறு ஆண்டுகளில் அவர் எழுதித் தந்தவை ஐந்தே.

அவரிடம் பயின்ற நாச்சிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். குதிரை ரேக்ளாப் பந்தய வண்டி ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து இடுப்பு முறிந்தபின், ஐம்பத்து நான்கு வயதில் அவருக்கு மிஞ்சியவை இரண்டு கைகள்தாம். மூன்றாண்டும் முடிந்தது. சான்று வரவில்லை.

"ஏனுங்கம்மா, என் கையில என்ன குறைங்க?"

"கையில குறையே இல்லீங்கண்ணா."

வஞ்சியம்மாள் ஒரு கிழக்குதிரையைப் பிடித்துவந்து நிறுத்தினார். நாச்சிமுத்துவின் கண்களைத் துண்டால் கட்டினார். மூன்று மூச்சு விடுவதற்குள் விரல்கள் இடத்தைக் கண்டுகொண்டன.

"இடது தோளுக்குப் பின்னாலங்க. நெல்லிக்காயாட்டம் உருண்டு நிக்குது. வலி அங்கதான்."

"சரி. இனி அதை என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துருவனுங்க."

வஞ்சியம்மாள் துண்டை அவிழ்த்தார்.

"அப்ப இன்னும் ஒரு வருசம் இருங்க."

நாச்சிமுத்துவின் முகம் சிறுத்துப்போயிற்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. வஞ்சியம்மாளும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு பந்தய நாள். வஞ்சியம்மாள் வெளியூர் போயிருந்தார். அரிசி ஆலைக்காரர் குழந்தைவேலு காரோடு வந்து நாச்சிமுத்துவை அழைத்துப் போனார். அவருடைய பெண்குதிரை மயிலிக்குக் காலையிலிருந்து நடை சரியில்லை.

நாச்சிமுத்து மயிலியை நடத்திப் பார்த்தார். வலது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் தலை சற்றே உயர்ந்தது. முழங்காலுக்குக் கீழே தொட்டார். சூடு.

காலில் சூடு கண்டால் கை வைக்கலாகாது. மருத்துவரை அழைக்க வேண்டும். வஞ்சியம்மாள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

"டாக்டரைக் கூப்பிடோணுங்க."

"டாக்டர் வந்தா ஓட்டாதேம்பாரு. அதுக்கு நீங்க எதுக்குங்க?" குழந்தைவேலு கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "மூணு வருசமா நீவக் கத்துக்கிட்டாரா, டாக்டர் போன் நெம்பரை மனப்பாடம் பண்ணக் கத்துக்கிட்டாரான்னு தெரியலீங்க!"

வண்டியோட்டிகள் சிரித்தார்கள். அவர்களில் இருவர் முன்பு நாச்சிமுத்துவிடம் தோற்றவர்கள்.

"அவருக்கு இன்னும் சான்றுச் சீட்டே கிடைக்கலியாமா," என்றான் ஒருவன்.

நாச்சிமுத்து சட்டையைக் கழற்றினார்.

ஒரு மணி நேரம் நீவினார். அவர் கைகள் அதற்குமுன் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. தோளிலிருந்து குளம்புவரை ஒவ்வோர் இறுக்கமாகக் கழன்றது. மயிலி கழுத்தைத் தாழ்த்தி, கீழுதடு தொங்க, கண் சொருகி நின்றது. மீண்டும் நடத்தினார்கள். தலை உயரவில்லை.

நான்காம் மைலில் மயிலி முன்னால் இருந்தது. காய்ந்த விறகை ஒடித்தாற்போல் ஓர் ஓசை. அதன் பிறகும் அது முப்பது முழம் ஓடி விழுந்தது. மருத்துவர் வந்தார், காலைப் பார்த்தார், வேறு வழியில்லை என்று ஊசி போட்டார். மயிலியின் வயிறு ஏறி இறங்குவது நிற்கும்வரை நாச்சிமுத்து அதன் கழுத்தில் கை வைத்திருந்தார்.

குழந்தைவேலு அவர் தோளைத் தட்டினார்.

"உங்க மேல குத்தமே இல்லீங்க. ஒடியற வரைக்கும் ஒரு எட்டுக்கூட நொண்டலியே!"

வஞ்சியம்மாள் திரும்பி வந்ததும் நாச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். தோளைத் தட்டியவர் சொன்னதையும் விடவில்லை. வஞ்சியம்மாள் ஒரு குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"திட்டிருங்கம்மா."

"வலி எங்க இருந்துச்சு?"

"முழங்காலுக்குக் கீழங்க."

"அது அங்க என்ன வேலை பார்த்துட்டிருந்துச்சு?"

நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மறுநாளிலிருந்து அவர் பயிற்சிக்கு வரவில்லை.

எட்டு மாதம் கழித்து வஞ்சியம்மாள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். புதிதாகச் சேர வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பிவிட்டதாக ஊரில் பேச்சு இருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடித்தார். மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"இது என்னங்கம்மா?"

"நீங்க கட்டின பயிற்சிப் பணம். ஒரேயடியாப் புரட்ட முடியல. அதுதான் இத்தனை நாளாச்சு."

"தப்பு என்னுதுங்க. சூடு தெரிஞ்சுதான் கை வெச்சேன்."

"சூடு கண்டாத் தொடாதீங்கன்னு முதல் நாள் சொன்னேன். ஏன்னு சொல்றதைக் கடைசிக்குன்னு வெச்சிருந்தேன். அந்த வரிசை நான் போட்டது."

"ஏன்னு இப்ப எனக்குத் தெரியுமுங்க. வலி இருந்த வரைக்கும் மயிலி அந்தக் கால்ல முழுப் பாரம் போடலீங்க."

"தெரியும். அது மயிலி சொல்லிக் குடுத்தது. அதுக்கு நான் காசு வாங்கப்படாது."

நாச்சிமுத்து தம் கைகளைப் பார்த்தார்.

"அப்ப, சான்று?"

"கத்துக் குடுக்காதவ எப்படிங்கண்ணா எழுதித் தருவா?"

வஞ்சியம்மாள் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எண்ணிப் பாருங்க. இருபத்தேழாயிரத்து அறுநூறு."