மூக்கு கரைந்த பொம்மை

போர்க்காலத்தில் சிறையாக இருந்த மலைக்கோட்டை பிற்பாடு மியூசியமாகிவிட்டது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சிப்பாய் உடுப்போடு ஒரு பொம்மை நின்றது. களிமண் தலை, மூக்கில்லை. செய்தவர் சூசை, அங்கே போர்க்கைதியாக இருந்த சிப்பாய். கூட்டாளி இருளப்பன் மதிலேறிக் குதித்த மறுநாள், ஆள் குறைவது தெரியாமலிருக்க அதைத் தலையெண்ணும் வரிசையில் நிறுத்தினார்.

“ஆடாம அசையாம நிக்கிறான் பாரு, இவன்டா சிப்பாய்,” என்று கோட்டை அதிகாரி அதன் நெஞ்சில் தன் கையாலேயே பாராட்டு ரிப்பன் குத்தினான்.

அடுத்த நாள் மழையில் மூக்கு கரைந்து விழுந்தது. நகக்கண்ணில் களிமண்ணோடு நின்ற சூசையை அதிகாரி பிடித்துக்கொண்டான்.

“மேலிடத்துக்குச் சொல்லி உன்னைச் சுட வைக்கிறேன். நாயை விட்டுத் தப்பினவனையும் பிடிக்கிறேன்.”

“தாராளமா சொல்லுங்க துரை. ரிப்பன் குத்தினது யாருன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு மட்டும் இப்பவே சொல்லிக் குடுத்துடுங்க.”

அதிகாரி மேலிடத்துக்குச் சொல்லவே இல்லை. தண்டனையும் இல்லை, தேட நாயும் போகவில்லை. கைதிகள் வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

பிறகு கைதிகள் விறகு பொறுக்கப் போனபோது, மதிலுக்குக் கீழே பள்ளத்திலேயே இருளப்பன் செத்துக் கிடந்தான். ஒடிந்த காலுக்குச் சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தான். பிடிபடக் கூடாதென்று, கூப்பிடாமலே நாள்கணக்கில் கிடந்திருக்கிறான்.

மியூசியத்தில் வழிகாட்டிப் பெண் ரிப்பன் கதையைச் சொன்னாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட்டத்தில் நின்ற கிழவர் சூசை சிரிக்கவில்லை.

“அன்னைக்கு நான் பேசாம இருந்திருந்தா நாய் போயிருக்கும்மா,” என்றார்.