லூர்தம்மாள் போட்ட கட்டு

“டீச்சர், எந்தக் கட்டுப் போட்டாலும் என் மகளுக்கு நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு ஃபைனல். நான் என்ன செய்ய?”

கேட்டவள் லூர்தம்மாள். மகள் ஆடும் கபடி அணிக்குத் துணையாக வந்த இடத்தில், அடிபட்ட கால்களுக்குக் கட்டுப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கும் வெண்மதி டீச்சருக்கு அவள் மகள் வயதுதான். சிஷ்யைக்கு நரை, குருவுக்கு ரெட்டைச் சடை என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். லூர்தம்மாள் சிரித்துக்கொள்வாள்.

மகள் ஜெனிட்டாவுக்குப் பின்தொடைத் தசை லேசாக இழுத்துக்கொண்டு, இப்போதுதான் தேறியிருந்தது. கட்டுப் போட்டு ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து ஜெபமாலையும் கையுமாக இருந்தாள்.

டீச்சர் இரண்டு சுருள்களை எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளை டேப்; எவ்வளவு இழுத்தாலும் நீளாது. மற்றது எலாஸ்டிக் டேப். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், தோலோடு ஒட்டியும் கொள்ளும்.

லூர்தம்மாளின் கை வெள்ளைக்குப் போனது.

“ஏன் அது?”

“இதுதான் அசையாது, டீச்சர்.”

டீச்சர் ஜெனிட்டாவைப் பக்கத்தில் நிறுத்தினாள். மகளின் தொடையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்கச் சொன்னாள். ஜெனிட்டாவைக் காலை மடக்கச் சொன்னாள்.

தசை திரண்டு எழும்பியது.

“கை என்ன செஞ்சது, லூர்தம்மா?”

“இடம் குடுத்துச்சு.”

“பிடியை விட்டுச்சா?”

“விடலை.”

லூர்தம்மாள் வெள்ளையை வைத்துவிட்டு எலாஸ்டிக்கை எடுத்தாள். சுற்றுக்குச் சுற்று, சேசுவே காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டே, பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சுற்றினாள்.

ஜெனிட்டா நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கால் மரத்துப்போகிறது என்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. டீச்சர் உடனே கட்டைக் கத்தரித்து எடுத்தாள்.

லூர்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“சரியானதைத்தானே டீச்சர் எடுத்தேன்?”

டீச்சர் எலாஸ்டிக்கில் ஒரு முழம் பிரித்து, முனையை அவளிடம் நீட்டினாள்.

“இழுங்க.”

இழுத்தாள்.

“இன்னும்.”

“இனி வராது, டீச்சர்.”

டீச்சர் மறு கையால் வெள்ளைச் சுருளை எடுத்து, விறைத்து நின்ற அந்த டேப்பின் பக்கத்தில் பிடித்தாள்.

லூர்தம்மாள் இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். பிறகு புதுச் சுருளைப் பிரித்து, பாதி இழுப்பில் நிறுத்தி, கீழிருந்து மேலாகச் சுற்றினாள். இந்தத் தடவை ஜெபத்தை ஒரு தரம்தான் சொன்னாள். மகளின் கால் நகத்தை அழுத்தி, சிவப்பு உடனே திரும்புவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

மாலையில் ஆட்டம் சமமாக நின்றது. கடைசி ரைடு. ஜெனிட்டா கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனாள்.

மூன்று பேர் விழுந்து அமுக்கினார்கள். கட்டுப் போட்ட கால் அவர்களுக்கு அடியில் இருந்தது.

லூர்தம்மாள் களத்துக்குள் ஓட எழுந்துவிட்டாள்.

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இறுக்கவில்லை. விடவும் இல்லை.

லூர்தம்மாள் உட்கார்ந்தாள்.

குவியலுக்கு அடியில் அந்தக் கால் மண்ணை உந்தியது. இடுப்பு நகர்ந்தது. ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது.

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெண், யார் பெத்த பிள்ளை இது என்று கேட்டாள்.

“என் பிள்ளைதான்,” என்றாள் லூர்தம்மாள், உட்கார்ந்தபடியே. “கட்டுப் போட்டதும் நான்தான்.”